குரங்கார் எழுதிய தைல விளம்பரம்

மத்தியான இடைவேளை முடிந்து மணி அடித்ததும் பிச்சையா சார் எங்கள் வகுப்பு வாசலில் வந்து நிற்பார். வலது கையை நீட்டுவார். பையன்கள் ஒவ்வொருவராக வந்து அந்தக் கைக்குக் கீழே தலையைக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும்.

ஆசீர்வாதம் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் ஈரம் பார்ப்பார்.

குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டால் தென்காசிப் பையன்கள் எவனுக்கும் மத்தியானம் பசிக்காது. மணி அடித்த மறு நிமிஷம் வாடகை சைக்கிளில் மூன்று மூன்று பேராக ஏறிப் பறப்பார்கள். அருவியில் ஒரு பத்து நிமிஷம். அப்புறம் மூச்சு வாங்க மிதித்துக்கொண்டு திரும்புவார்கள். சட்டை முதுகில் ஒட்டியிருக்கும், கண் சிவந்திருக்கும், வகுப்பு முழுக்க ஈரக் காக்கி நிஜார் வாடை அடிக்கும். அதைத் தடுக்கத்தான் இந்தத் தலைச் சோதனை.

"சாரல்ல நனைஞ்சிட்டேன் சார்" என்று எல்லாப் பயல்களும் ஒரே பதிலைச் சொல்வார்கள். ஊரே சாரலில் நனைந்துகொண்டிருக்கும்போது அதை மறுக்கவும் முடியாது.

பிச்சையா சார் சயின்ஸ் வாத்தியார். விடுவாரா?

"சாரல்ல நனைஞ்சா மேலாப்பலதாம்லே ஈரம் இருக்கும். அருவில நனைஞ்சா முடியோட அடி வரைக்கும் இருக்கும். எனக்கே பாடம் சொல்லுதியா?" என்று விரலை முடிக்குள் விட்டுத் துழாவுவார். ஈரம் அகப்பட்டால் பெரிய தண்டனை ஒன்றும் கிடையாது. காய்கிற வரைக்கும் ஜன்னலோரம் நிற்கவேண்டும். சாரல் அடிக்கிற ஜன்னலில் நின்றால் தலை எப்படிக் காயும் என்று நீங்கள் கேட்கலாம். நாங்களும் கேட்டோம், மனசுக்குள்.

பையன்கள் லேசுப்பட்டவர்களா? அருவிக்குப் போகும் முன்பே ஒரு கை எண்ணெயைத் தலையில் கவிழ்த்துத் தேய்த்துவிட்டால் தண்ணீர் உள்ளே இறங்காது என்று எவனோ கண்டுபிடித்தான். அது உண்மையா பொய்யா தெரியாது, ஒரே வாரத்தில் வகுப்பு முழுக்க எண்ணெய்த் தலை ஆகிவிட்டது. சாரின் கைக்கு அதற்குப் பிறகு ஈரம் அகப்படவில்லை. எண்ணெய்தான் அகப்பட்டது.

முப்பத்தாறு தலையின் எண்ணெய்! அந்தக் கையை அவர் என்ன செய்வார்? வேட்டியில் துடைத்தால் கறை. சுவரில் தேய்த்தால் ஹெட்மாஸ்டர் சத்தம் போடுவார். அதனால் நின்ற வாக்கிலேயே தன் வழுக்கைத் தலையில் தடவிக்கொள்வார். ஐந்து தலைக்கு ஒரு தடவல். கடைசிப் பையன் உள்ளே போகும்போது அந்தத் தலை பளபளவென்று மின்னும்.

பையன்கள் குனிந்து வந்ததால் இதை அவர்கள் சரியாகப் பார்த்ததில்லை. முழுக்க முழுக்கப் பார்த்தது நாங்கள்தான்.

பேசாத வகுப்பு

நாங்கள் என்றால் ஆறாவது பாரத்தில் படித்த நாலு பெண்கள். ஆறாவது பாரம் என்பது பள்ளியின் கடைசி வகுப்பு, எஸ்.எஸ்.எல்.சி. ஐம்பதுகள் முடிந்துகொண்டிருந்த சமயம்.

இந்தக் காலத்துப் பேரப்பிள்ளைகளிடம் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்கள். பெண்கள் தாங்களாக வகுப்புக்குள் போகக்கூடாது. வராந்தாவில் காத்திருந்து, வாத்தியார் வந்ததும் அவர் பின்னாலேயே உள்ளே போகவேண்டும். அவர் வெளியே போகும்போது அவர் பின்னாலேயே எழுந்து வந்துவிடவேண்டும். கோழிக்குப் பின்னால் போகிற குஞ்சு மாதிரிதான். பையன்களோடு ஒரு வார்த்தை கிடையாது. பென்சில் கீழே விழுந்து பையன்கள் பக்கம் உருண்டுவிட்டால், அந்தப் பென்சிலை மறந்துவிடவேண்டியதுதான்.

ஆனால் பேசக்கூடாது என்பதற்காகச் சிரிப்பு வராமல் இருக்குமா? எனக்கு வாய் சும்மா இருக்காது. இன்றைக்கும் அப்படித்தான், இந்தத் தொடரை வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். அன்று வாயைத் திறக்க வழியில்லாததால் கை எழுத ஆரம்பித்தது.

எங்கள் வகுப்பில் ஒரு கையெழுத்துப் பத்திரிகை உண்டு. பெயர் 'ஐந்தருவி'. மாதத்துக்கு ஒரே ஒரு பிரதி. நாற்பது பக்க நோட்டில் கதை, கவிதை, பொன்மொழி எல்லாம் ஒரே கையெழுத்தில் அழகாக எழுதப்பட்டு, ஆளுக்கு ஒரு நாள் வீதம் வீட்டுக்குப் போய்வரும். கடைசி இரண்டு பக்கம் வாசகர் கருத்துக்காகக் காலியாக விடப்பட்டிருக்கும். "கதை நன்று, ஆனால் கதாநாயகனைக் கொன்றிருக்க வேண்டாம்" என்றெல்லாம் எழுதுவார்கள்.

அந்தக் கையெழுத்து, வகுப்பு லீடர் மீரானுடையது. அவன் வாப்பா தறி போட்டு நெய்கிறவர். நூல் பிடித்த மாதிரி வரி நேராக இருக்கும். பத்திரிகையில் எல்லோரும் முதலில் புரட்டுவது நடுப்பக்கத்தை. அங்கேதான் 'குரங்கார்' என்ற பெயரில் ஒருவர் நையாண்டி எழுதுவார். குற்றாலத்துக் குரங்கு யாருக்கும் பயப்படாது, யார் கையில் இருப்பதையும் பிடுங்கும். அதனால் அந்தப் பெயர்.

குரங்கார் யார் என்று பையன்கள் மண்டையைப் பிய்த்துக்கொண்டார்கள். சிவகிரியிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருந்த ஒரு பையன் மேல் பலருக்குச் சந்தேகம். அவனும் மறுக்கவில்லை, திருட்டுப் பயல்.

குரங்கார் நான்தான்.

நோட்டு அட்டைக்குள்

இது மீரான் ஒருவனுக்கு மட்டும் தெரியும். தெரிந்தும் நாங்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒன்றரை வருஷம் ஒன்றாகப் பத்திரிகை நடத்தியிருக்கிறோம், அவன் குரல் என்னை நோக்கி ஒரு தடவைகூட வந்ததில்லை.

எங்கள் ஏற்பாடு இதுதான். திங்கட்கிழமை தமிழய்யா கட்டுரை நோட்டுகளைக் கேட்பார். லீடர் நாற்பது நோட்டையும் வாங்கி அடுக்கி, ஆசிரியர் அறைக்குத் தூக்கிக்கொண்டு போவான். என் நோட்டுக்குப் பழுப்புக் காகிதத்தில் அட்டை போட்டிருப்பேன். அந்த அட்டைக்கும் நோட்டுக்கும் நடுவே என் காகிதம் மடித்து இருக்கும். வராந்தா திருப்பத்தில் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் ஒரு நிமிஷம் நின்று மீரான் அதை உருவிக்கொள்வான்.

நோட்டு திரும்பி வரும்போது சில சமயம் அவனுடைய துண்டுக் காகிதம் இருக்கும். "அரைப் பக்கம் குறைகிறது." "இந்த மாதம் மிகவும் காரம்." அவ்வளவுதான் எங்கள் உரையாடல்.

இன்னொரு ஜாக்கிரதையும் செய்திருந்தேன். காகிதம் யார் கையிலாவது சிக்கினால் எழுத்து காட்டிக்கொடுத்துவிடும் அல்லவா? அதனால் குரங்காரை இடது கையால்தான் எழுதுவேன். பழகப் பழக அது ஒரு மாதிரி நன்றாகவே வந்தது.

இத்தனை ஜாக்கிரதை எதற்கு என்றால், என் அப்பாவுக்காக. கோயில் பக்கம் எங்களுக்கு ஜவுளிக்கடை. பெரிய மனுஷி ஆனதும் என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட வேண்டும் என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரே பிடியாக நின்றபோது அப்பா ஒரு கட்டளையோடு என்னை விட்டுவைத்தார்.

"போ. ஆனா பள்ளிக்கூடத்துலேருந்து உம் பேருல ஒரு சொல்லு வீட்டுக்கு வரப்பிடாது. வந்த அன்னைக்கு நோட்டையும் புஸ்தகத்தையும் கட்டி வச்சிர வேண்டியதுதான்."

அவர் சொன்னால் சொன்னதுதான். எனக்கோ எஸ்.எஸ்.எல்.சி. எழுதியே தீரவேண்டும். முடித்துவிட்டு என்ன செய்வேன் என்று யோசித்ததே கிடையாது. அந்தப் பரீட்சை ஹாலில் என் நம்பர் ஒட்டிய மேஜையில் நான் உட்காரவேண்டும், அது மட்டும்தான் ஆசை.

தமிழய்யா வராத திங்கட்கிழமை

அந்த மாதம் குரங்கார் எழுதியது ஒரு விளம்பரம். முழுக்க ஞாபகம் இருக்கிறது. நேற்றுச் சாப்பிட்டது என்ன என்று கேட்டால் தெரியாது, இது மட்டும் மறக்கவில்லை.

"பிச்சையா கூந்தல் தைலம். முப்பத்தாறு தலைகளிலிருந்து எடுக்கப்பட்டு ஒரே கையால் தயாரிக்கப்படுவது. தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், விளக்கெண்ணெய் ஆகியவை அன்றன்று கிடைக்கும் அளவில் சேர்க்கப்படும். சீசனில் மட்டும். தயாரிக்கும் இடம் ஆறாவது பார வாசல். தடவிக்கொள்பவருக்கு முடி வளரும் என்று உத்தரவாதம் இல்லை. தடவப்படுபவருக்கு அறிவு வளரும் என்றும் உத்தரவாதம் இல்லை. விற்பனைக்குக் கிடைக்காது. உற்பத்தியாளரே முழுவதையும் உபயோகித்துவிடுகிறார்."

எழுதி முடித்து நானே சிரித்துச் சிரித்துப் புரைக்கேறி, அம்மா வந்து தலையில் தட்டினாள்.

அதை அட்டைக்குள் வைத்துத் திங்கட்கிழமை கொண்டுபோனேன். தமிழய்யா வரவில்லை. வீரகேரளம்புதூரில் தங்கச்சி மகளுக்குக் கல்யாணமாம். அவருக்குப் பதிலாக வகுப்புக்குள் வந்தவர் யார் தெரியுமா? பிச்சையா சார்.

"அய்யா வாரதுக்கு ரெண்டு நாள் ஆவும். கட்டுரை நோட்ட நானே பாத்துக் குடுத்திருதேன்" என்றார்.

மீரான் வேகவேகமாக நோட்டுகளை அடுக்கினான். மணி அடித்தது. "நான் தூக்கிட்டு வாரேன் சார்" என்று கையை நீட்டினான்.

"வேண்டாம்லே. நான் அங்கனதானே போறேன்."

நாற்பது நோட்டையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சார் வெளியே போனார். மரபுப்படி நாங்கள் நாலு பேரும் அவர் பின்னாலேயே போனோம். என் நோட்டின் பழுப்பு அட்டை அவர் முழங்கைக்குக் கீழே ஆடிக்கொண்டே போனதை நான் பார்த்துக்கொண்டே போனேன்.

மீரானின் வீரம்

மத்தியானம் சார் வாசலில் நின்று கையை நீட்டவில்லை. நேரே உள்ளே வந்தார். கையில் என் காகிதம். முகம் சிவந்து கிடந்தது. ஆசிரியர் அறையில் மற்ற வாத்தியார்களும் வாசித்துவிட்டார்கள் போலிருக்கிறது.

"இது கோமதி நோட்டுக்குள்ள இருந்துது" என்றார். "யாரு எழுதினது?"

நான் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை.

அப்போது மீரான் எழுந்தான். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, ஊரைக் காப்பாற்ற வந்தவன் போல நின்றான். "நான்தான் சார் எழுதினேன். நான்தான் அந்த நோட்டுக்குள்ள வச்சேன்."

அடப்பாவி! எழுதினேன், அடுக்கும்போது தவறி அதற்குள் போயிருக்கும் என்று சொல்லியிருந்தால் இரண்டு பிரம்படியோடு போயிருக்கும். வச்சேன் என்று வேறு சொன்னானே! ஒரு பையனுடைய காகிதம் ஒரு பெண்ணுடைய நோட்டுக்குள் என்றால் அந்தக் காலத்தில் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். உள்ளே தைல விளம்பரம் இருந்தால் என்ன, தர்ப்பூசணி விலை இருந்தால் என்ன? மீதி முப்பத்தைந்து பையன்களுக்கும் அது சட்டென்று புரிந்துவிட்டது. பின் பெஞ்சில் ஒருவன் "சோலி முடிஞ்சுது" என்று முனகினான். மீரானுக்கு மட்டும் இன்னும் புரியவில்லை. நெஞ்சை நிமிர்த்தியபடியே நின்றான்.

ஹெட்மாஸ்டர் அறைக்கு எங்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போனார்கள். அவன் உள்ளே, நான் வாசல் திரைக்கு வெளியே.

ஹெட்மாஸ்டர் தைலத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "பொம்பளப் பிள்ள நோட்டுக்குள்ள உன் காகிதம் எதுக்குலே போச்சு? எத்தனை நாளா நடக்குது இது?" என்றார்.

"எது சார்?" என்றான் மீரான். அப்புறம்தான் அவனுக்கு உறைத்தது. "ஐயோ, அப்படியெல்லாம் இல்ல சார்!" என்று அவன் குரல் உடைந்தது எனக்குக் கேட்டது.

"டி.சி. எழுதுதேன். உங்க வாப்பாவ வரச்சொல்லு."

டி.சி. கொடுத்தால் வருஷ நடுவில் எந்தப் பள்ளியிலும் சேர்க்கமாட்டார்கள். மறுநாள் அவன் தறிக்குழியில் இறங்கவேண்டியதுதான்.

நான் அப்போதே பாய்ந்து உள்ளே போனேன் என்று எழுத ஆசைதான். ஆனால் பொய். சும்மா இருந்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். உண்மையைச் சொன்னால் அப்பாவுக்கு ஆள் போகும், என் படிப்பு அன்றோடு முடிந்தது. சொல்லாவிட்டால் அவன் படிப்பு முடிந்தது, என் பெயரும் நாறும். திரையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. உள்ளே அவன் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அதைத் தாங்க முடியவில்லை.

திரையை விலக்கிக்கொண்டு போனேன். "நான்தான் சார் எழுதினேன். குரங்கார் நான்தான்."

இடது கை

ஹெட்மாஸ்டர் நம்பவில்லை.

"ஏம்மா, அந்தப் பையனக் காப்பாத்தணும்னு சொல்லுதியா?" என்றார். அது அவருக்கு இன்னும் பெரிய ஆதாரமாகப் போய்விட்டது! "பொம்பளப் பிள்ளைக்கு இப்படி நையாண்டில்லாம் எழுத வராதும்மா."

பயந்துபோய் உள்ளே போனவளுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. என் படிப்பு போகட்டும், உயிரே போகட்டும், நான் எழுதியதை நான் எழுதவில்லை என்று எப்படிச் சொல்லலாம்?

"பேப்பர் குடுங்க சார். இங்கனயே எழுதிக் காட்டுதேன்" என்றேன்.

ஒரு காகிதத்தைத் தள்ளினார். இடது கையில் பேனாவைப் பிடித்தேன். எழுதுவதற்கு எதிரிலேயே விஷயம் உட்கார்ந்திருந்தது.

"ஹெட்மாஸ்டர் மணி பார்க்கும் முறை. கடிகாரத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுக்கவேண்டும். காதில் வைக்கவேண்டும். ஓடுகிறது என்று சந்தோஷப்படவேண்டும். மறுபடி பைக்குள் போடவேண்டும். பிறகு பியூனைக் கூப்பிட்டு மணி என்ன என்று கேட்கவேண்டும்."

வாசித்தார். இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்தைப் பார்த்தார். பழக்க தோஷம், கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. பாதி வழியில் நின்றது. பிச்சையா சார் மூலையில் நின்றுகொண்டு வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார்.

ஹெட்மாஸ்டர் தொண்டையைச் செருமினார். "மீரான், நீ வகுப்புக்குப் போ. கோமதி, உங்க அப்பாவக் கூட்டிட்டு வர ஆள் அனுப்புதேன்மா."

அப்பா வந்தார்

கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு அப்பா வந்துவிட்டார். குடையிலிருந்து தண்ணீர் சொட்டியது. என்னைப் பார்க்கவில்லை.

இங்கே அப்பாவைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அவருக்குத் துணியைக் கண்டால் கை சும்மா இருக்காது. எதிரில் யார் இருந்தாலும் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அவர்கள் துணி நுனியைத் தேய்த்துப் பார்த்துவிடுவார்.

ஹெட்மாஸ்டர் தைல விளம்பரத்தைக் கனமான குரலில் வாசித்துக்கொண்டிருக்கிறார். என் தலையெழுத்து அந்த மேஜையில் கிடக்கிறது. அப்பாவின் விரல், நாற்காலிக் கையில் கிடந்த ஹெட்மாஸ்டரின் அங்கவஸ்திரக் கரையை மெதுவாகத் தேய்த்துக்கொண்டிருந்தது. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தால் எப்படி இருக்கும் என்று எனக்கு அன்றுதான் தெரியும்.

வாசித்து முடிந்ததும் அப்பா பிச்சையா சாரைப் பார்த்தார். "சார், இதுல சொல்லியிருக்கது பொய்யா?"

சார் தரையைப் பார்த்தார். "பொய் இல்ல அண்ணாச்சி. விளக்கெண்ணெய் மட்டும் கிடையாது. மத்ததெல்லாம் நிசந்தான்."

பிறகு என் பக்கம் திரும்பினார். கோபமாகப் பேசியிருந்தால் தாங்கியிருப்பேன். "நாப்பது பேரும் சேந்து சிரிச்சிருப்பீங்க. என்னையும் கூப்பிட்டிருந்தா நானும் சிரிச்சிருப்பேம்லாம்மா" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. மன்னிச்சுக்கோங்க சார் என்று சொன்னேனா, சொல்ல நினைத்தேனா, அது சரியாக ஞாபகம் இல்லை. வெட்கமாக இருந்தது மட்டும் நிச்சயம். எண்பது வயது தாண்டியும் அந்த வெட்கம் போகவில்லை. எத்தனையோ பேரைக் கிண்டல் செய்து எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அந்த ஆள் முன்னால் நின்று வாசிக்க முடியுமா என்று ஒரு தரம் யோசிப்பேன். பெரும்பாலும் முடியும் என்றுதான் தோன்றும், அது வேறு விஷயம்.

அப்பா எழுந்தார். "நான் பாத்துக்கிடுதேன் சார்" என்று ஹெட்மாஸ்டரிடம் சொன்னார். என்னிடம், "வகுப்புக்குப் போ. சாயங்காலம் வீட்டுல பேசிக்கிடுவோம்."

அன்றைய மீதி மூன்று பீரியடும் எப்படிப் போயின என்று கேட்காதீர்கள். பெஞ்சைத் தடவிப் பார்த்தேன். கரும்பலகையைப் பார்த்தேன். எல்லாம் இன்றோடு சரி என்று நினைத்துக்கொண்டேன். கடைசி மணிக்கு நோட்டு திரும்பி வந்தது. அட்டைக்குள் மீரானின் துண்டுக் காகிதம். நன்றி சொல்லியிருப்பான் என்று பிரித்தேன். "முக்கால் மணி நேரம் எல்லோரும் நான்தான் குரங்கார் என்று நம்பினார்கள். கெடுத்துவிட்டாய்" என்று முத்து முத்தாக எழுதியிருந்தான். எருமை!

விளக்கு வைக்கும் நேரம்

அப்பா வழக்கத்தைவிட முன்னாலேயே கடையிலிருந்து வந்தார். கால் கழுவினார். அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. காபியைக் குடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"ஏட்டி, என்னப்பத்தியும் எழுதி வச்சிருக்கியா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அந்த ஒரு நாளைக்கு நான் போதுமான அளவு மறைத்தாகிவிட்டது.

"ஆமாப்பா."

"கொண்டா."

டிரங்குப் பெட்டியில் பாவாடைக்கு அடியில் இருந்த காகிதத்தை எடுத்து வந்து கொடுத்தேன். 'ஜவுளிக் கண்' என்று தலைப்பு. இதுவும் இடது கையால் எழுதியதுதான். அப்பா விளக்கைக் கிட்டே இழுத்துக்கொண்டு வாசித்தார்.

"என் தகப்பனார் யாரையும் முகத்தைப் பார்த்து அடையாளம் கண்டதில்லை. சட்டையைத் தொட்டுத்தான் யார் என்று சொல்லுவார். துஷ்டி வீட்டுக்குப் போனால் எல்லோரும் அழுவார்கள். இவர் பிணத்தின் மேல் போர்த்திய கோடித் துணியைத் தொட்டுப் பார்த்து, எந்தக் கடையில் எடுத்தது என்று கேட்பார்."

இப்படி ஒரு பக்கம். அவர் ஒரு தடவை வாசித்தார். மறுபடி முதலிலிருந்து வாசித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நாளைக்கு இந்நேரம் நான் அடுக்களையில் அம்மாவுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன். பக்கத்து வீட்டுப் பெண் அப்படித்தான் ஒரு திங்கட்கிழமையோடு நின்றுபோனாள்.

"அந்தத் துஷ்டி வீட்டுல நான் கேட்டது நிசந்தான்" என்றார் அப்பா கடைசியில். "ஆனா அது மட்டத் துணிட்டி. அவ்வளவு பெரிய மனுசனுக்கு அதப் போட்டா நான் கேக்காம இருக்க முடியுமா?"

காகிதத்தின் ஓரத்தை இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்தார்.

"எழுதினதுல எனக்கு ஒண்ணுமில்ல. பேரு போடாம எழுதுன பாரு, அதுதான் தப்பு. நீ ஒளிஞ்சிக்கிட்டே, அந்தப் பய மாட்டிக்கிட்டான். அவன் படிப்பு போயிருந்தா அவங்க வாப்பா முகத்துல நான் எப்படி முழிப்பேன்? வாராவாரம் நம்ம கடைக்குத் துண்டு நெஞ்சு கொண்டாந்து போடுதாரு மனுசன்." காகிதத்தை என் முன்னால் வைத்தார். "நம்ம கடைலேருந்து முத்திரை இல்லாம ஒரு முழத் துணி வெளிய போவுமா? குரங்காராம்லா, குரங்கார்! போடு பேர."

பேனாவைக் கொடுத்தார். இடது கைக்குப் போன பேனாவை வலது கைக்கு மாற்றினேன். கடைசி வரிக்குக் கீழே கோமதி என்று எழுதினேன்.

அப்பா காகிதத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"இனிஷியல் எங்க?"

அவரைக் கிண்டல் செய்த காகிதத்தில் அவருடைய எழுத்தை எப்படிப் போடுவது என்று விட்டிருந்தேன். அவர் முகத்தையே பார்த்தேன். அவர் விரலால் என் பெயருக்கு முன்னால் இருந்த இடத்தைத் தட்டினார். 'வே.' என்று எழுதினேன். மை காய்கிற வரைக்கும் அப்பா அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் நாலாக மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

"போ, போய்ப் படி" என்றார்.

அதுவரை அவர் என்னைப் படிக்க விட்டிருந்தார், அவ்வளவுதான். படி என்று சொன்னது அன்றைக்குத்தான்.